பாதரசம் இல்லாத ஆஸ்பத்திரி

“துடைப்பத்தைக் கீழ போடு!”

முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த நர்ஸ் உத்தியோகத்தில் நான் அப்படித் தொண்டை கிழியக் கத்தியது அந்த ஒரு தடவைதான். பிரசவ வார்டில்கூட மற்றவர்கள்தான் கத்துவார்கள். நான் அதட்டுவதோடு சரி.

கலைவாணி துடைப்பத்தைப் போட்டாள். போட்டதோடு நிற்காமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். போலீஸிடம் பிடிபட்டவள் மாதிரி அவள் நின்ற நிலையைப் பார்த்து, வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆறு மாத வயிறு அவளுக்கு. வெளியே அக்னி நட்சத்திர வெயில். நாங்கள் நின்றது பழைய எக்ஸ்ரே இருட்டறையில். ஜன்னலைக் கறுப்புப் பலகை வைத்து அடைத்த அறை அது.

“என்ன சிஸ்டர்? குப்பைதான கூட்டுறேன்? இங்க பாருங்களேன், வெள்ளி மணி மாதிரி என்னமோ ஓடுது. கூட்டக் கூட்ட ஒண்ணு நாலாவுது.”

தரையில் ஒரு சேலை விரித்திருந்தது. பக்கத்தில் மூடி திறந்த டிபன் பாக்ஸ். தயிர்சாதத்தின் வாசனை, அதோடு, பல வருடங்களாகச் சுவரில் ஊறிப்போன எக்ஸ்ரே கழுவும் மருந்தின் புளிப்பு நெடி. பல்பு வெளிச்சத்தில், சேலையின் ஓரமாக, சிமெண்டுத் தரை வெடிப்புக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் மின்னிக்கொண்டிருந்தன.

அது பாதரசம் என்று எனக்குத் தெரியும். அங்கே எப்படி வந்தது என்பதும் தெரியும். கொண்டுவந்து வைத்தவள் நான்தான்.

ஏறி இறங்குகிற மிஷின்

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். தஞ்சாவூருக்கு மேற்கே, காவிரிக்கரையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி. அதற்கு மேல் சொன்னால் மெமோ வரும். ஓய்வு பெற்றவளுக்கு எப்படி மெமோ அனுப்புவார்கள் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் இலாகாவைத் தெரியாது.

நான் அங்கே தலைமைச் செவிலியர். பெயர் ஆரோக்கியமேரி. எல்லோருக்கும் மேரி சிஸ்டர்.

அந்தக் காலத்து பி.பி. பெட்டியை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். சாம்பல் நிறத் தகரப் பெட்டி. மூடியைத் தூக்கி நிறுத்தினால் உள்ளே கண்ணாடிக் குழாய். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்க அமுக்க, குழாயில் பாதரசம் ஏறும். விட்டால் இறங்கும்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தப் பெட்டியின் மேல் இருந்த நம்பிக்கை கலெக்டர் மேல்கூட இருந்ததில்லை. நடவு வயலிலிருந்து காலில் சேறு காயாமல் வருவார்கள். புதிதாக வந்த டிஜிட்டல் மிஷினைக் கையில் மாட்டினால் முகம் சுருங்கிவிடும்.

“அம்மா, இது வேணாம். நேரத்துக்கு ஒரு நம்பர் சொல்லுது. அந்த ஏறி எறங்குற மிஷின்ல பாருங்க. கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறும்.”

டாக்டர்களும் அதே கட்சிதான். வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆயுத பூஜை வந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் பொட்டு பி.பி. பெட்டிகளுக்குத்தான். பன்னிரண்டு பெட்டிகளையும் ஈரத்துணியால் துடைத்து, மேஜையில் வரிசையாக நிறுத்தி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செவ்வந்திப் பூ. சந்தனம் குழைத்தவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் இந்த ஆரோக்கியமேரி. சாவி என்னிடம் இருந்ததால் சாமியும் என் பொறுப்பில் இருந்தது.

இப்படிப் பொட்டு வைத்துக் கும்பிட்ட சாமானை ஒருநாள் விஷம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சொன்னார்கள். சுற்றறிக்கை வந்தது. நாங்கள் வாங்கிக் கோப்பில் வைத்தோம்.

வெளுத்த சங்கிலி

பாதரசத்தோடு எனக்கு இருந்த முதல் பழக்கம் தெர்மாமீட்டர் வழியாக. அதை உதறி உதறித்தான் நர்ஸ் ஆனோம். உதறும்போது கட்டில் கம்பியில் பட்டு உடையும். உடைந்ததும் எல்லோரும் ஓடிப்போய் உருண்டைகளைப் பொறுக்குவோம். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் ஜில்லென்று, கனமாக, கையை விட்டு ஓடப் பார்க்கும். அவ்வளவு அழகாக இருக்கிற ஒன்று கெடுதல் செய்யும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்களோடு கல்யாணமாகி இரண்டு மாதமான ஒரு நர்ஸ் இருந்தாள். அவளும் ஒருநாள் பொறுக்கினாள். பொறுக்கிய கையால் கழுத்துச் சங்கிலியைச் சரி செய்துகொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சங்கிலியில் பாதி வெள்ளையாக இருந்தது.

மாமியார் பார்த்துவிட்டார். பெண் வீட்டில் முலாம் பூசிய நகையைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா வந்தார், மாமா வந்தார், பேச்சு முற்றிப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிற மட்டும் போனது. கடைசியில் கும்பகோணத்து நகைப் பத்தர் ஒருவர் சங்கிலியை வாங்கி நெருப்பில் வாட்டினார். வெள்ளை போய் மஞ்சள் திரும்பியது. பாதரசம் பட்டால் தங்கம் அதை ஒட்டவைத்துக்கொள்ளும், சுட்டால் விட்டுவிடும் என்று அவர்தான் விளக்கினார்.

எல்லோரும் சமாதானமாகிக் காபி குடித்தார்கள். விட்டுப்போன பாதரசம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அது புகையாகப் பத்தரின் மூக்குக்குள் போயிருக்கும். நல்ல மனுஷர். இதைப் படிக்கிறவர்கள் யாரும் தயவுசெய்து அப்படிச் சுட்டுப் பார்க்க வேண்டாம்.

போர்டு வந்தது

நான் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. சான்றுக்கான பட்டியலில் ஒரு வரி: ஆஸ்பத்திரியில் பாதரசக் கருவிகள் இருக்கக் கூடாது.

பெரிய டாக்டர், அதாவது எங்கள் தலைமை மருத்துவர், கூட்டம் போட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பென்சன் வாங்கும்வரை எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிற மனிதர்.

“மேரி சிஸ்டர், அந்தப் பெட்டிங்களை எல்லாம் என்ன பண்ணலாம்?”

“கண்டம் பண்ணித்தான் சார் அனுப்பணும்.”

கண்டம் என்றால், இது உதவாது என்று ஒரு கமிட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஒதுக்குவது. ஒதுக்கிய பிறகு பழைய இரும்புக்காரருக்கு ஏலம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அது சரி. ஆனால் சுற்றறிக்கையில், பாதரசச் சாமானை ஏலத்தில் விடக் கூடாது, அதற்கென்று அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. எந்த நிறுவனம், யார் கூப்பிடுவது, எப்படி என்று இல்லை. ஆய்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

“இப்போதைக்குக் கண்ணுல படாம எங்கயாவது வைங்க. ஆய்வு முடியட்டும்.”

கண்ணில் படாத இடம் என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்றுதான். டிஜிட்டல் எக்ஸ்ரே வந்த பிறகு பூட்டியே கிடந்த இருட்டறை. அதன் சாவியும் என்னிடம்தான் இருந்தது.

நானும் அட்டெண்டர் சந்தானமும் சுமந்தோம். பதினோரு பெட்டிகள், உடைந்த தெர்மாமீட்டர் போட்டுவைத்த இரண்டு ஊறுகாய் பாட்டில்கள். பெட்டியை மூடும் முன் பாதரசத்தை அதன் கிண்ணத்துக்குள் இறக்கி, கீழே இருக்கும் பூட்டைத் திருப்ப வேண்டும். பிறகு நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கனமான பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, ஒழுகினால் தேங்குவதற்கு அடியில் தட்டு வைத்து, மேலே எச்சரிக்கை எழுதி ஒட்ட வேண்டும். எல்லாம் எனக்குப் பாடம். மூன்று பெட்டி வரை செய்தேன். அதற்குள் வார்டில் கூப்பிட்டார்கள்.

“நீங்க போங்க சிஸ்டர், நான் அடுக்கிக்கிறேன்” என்றான் சந்தானம். அவனுக்கு அடுக்குவது என்றால் படுக்கப் போடுவது. மறுநாள் வந்து சரி பார்க்கலாம் என்று போனேன். மறுநாள் வார்டுக்குத் திரைச்சீலை மாட்டுகிற வேலை வந்துவிட்டது.

பன்னிரண்டாவது பெட்டி எங்கே என்று கேட்கிறீர்களா? அது பெரிய டாக்டரின் மேஜை டிராயரில் இருந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஆய்வுக்கு முதல்நாள் வாசலில் ஃபிளக்ஸ் போர்டு ஏறியது. ‘இது பாதரசம் இல்லாத மருத்துவமனை.’ பச்சை நிறத்தில், இரண்டு பக்கமும் நெற்கதிர் படம் போட்டு. பெரிய டாக்டரும் நானும் அதன் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஆய்வு

ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். வார்டு வார்டாகப் போய் டிக் அடித்தார்கள். மத்தியானம் சாப்பாடு பலமாகிவிட்டது. சாப்பிட்டு எழுந்ததும் மூத்த அதிகாரிக்குத் தலை சுற்றியது.

உடனே டிஜிட்டல் மிஷினை மாட்டினேன். ஒரு நம்பர் வந்தது. இன்னொரு தடவை மாட்டினேன். சம்பந்தமே இல்லாத இன்னொரு நம்பர். மூன்றாவது தடவை மிஷின் பிழை என்று காட்டிவிட்டு அணைந்துகொண்டது. அதிகாரியின் நெற்றியில் வேர்வை பொடித்தது.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக டிராயரைத் திறந்து பெட்டியை எடுத்து மேஜையில் நிறுத்தினார்.

பாதரசம் ஏறியது, இறங்கியது. நூற்று முப்பதுக்கு எண்பத்தைந்து. அதிகாரி அதைத் தன் கண்ணாலேயே எட்டிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் களை திரும்பியது.

“என்ன இருந்தாலும் இதுதான் டாக்டர் கரெக்டா காட்டும்” என்றார். பிறகு பேனாவை எடுத்து, பாதரசக் கருவிகள் இல்லை என்ற வரிக்கு எதிரே டிக் அடித்தார். சான்று வந்தது. நாங்கள் லட்டு கொடுத்தோம்.

சாவி

கலைவாணி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். புருஷன் மற்றவர்கள் நிலத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, இரண்டு கர்ப்பம் கலைந்த பிறகு தங்கிய கரு அது. அவள் எங்களிடம்தான் செக்கப்புக்கு வந்தாள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும்.

ஒப்பந்தப் பணியாளர்கள் உட்கார்ந்து சாப்பிட எங்கள் ஆஸ்பத்திரியில் இடம் கிடையாது. பிண அறைக்குப் பின்னால் ஒரு வேலிக்கருவை நிழல், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் அவள் அங்கே, வீங்கின காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்தா, இருட்டறைச் சாவி. மத்தியானம் சாப்ட்டு செத்த படுத்துக்க. சூப்பர்வைசர் கண்ணுல பட்டுடாத.”

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. நல்ல காரியம் செய்த திருப்தியில் இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன்.

அந்த அறையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சாவியைக் கொடுத்தபோது அது நினைவுக்கே வரவில்லை. தினமும் வாசலில் அந்தப் போர்டைப் படித்துக்கொண்டே உள்ளே போகிறவள் நான். போர்டில் எழுதிவைத்த பொய்யை நானே நம்பிவிட்டேன். இதைவிடக் கேவலமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் அவள் அங்கே படுத்திருக்கிறாள். படுத்துக் கிடந்த ஒரு பெட்டியில் குழாய் விரிசல் விட்டு, பாதரசம் மூலை வழியாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. காற்றுப் போகாத, கொதிக்கிற அறை. பாதரசம் உருண்டு ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஆவியாகி மூச்சில் ஏறுவது தெரியாது. வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் நரம்புக்கும் அதுதான் ஆகாது.

உரக்கடைக் கந்தகம்

அன்று கத்தி முடித்ததும் முதலில் அவளை வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். என் மோதிரத்தைக் கழற்றினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த சந்தானம் ஜன்னல் பலகையை உடைத்தான். மின்விசிறியைப் போடப் போன அவன் கையைத் தட்டிவிட்டேன். காற்று அடித்தால் இன்னும் பரவும்.

பாதரசம் சிந்தினால் எடுக்க ஒரு பெட்டி உண்டு. கையுறை, ஊசி, பொடி எல்லாம் அதில் இருக்கும். சான்று வந்த புதிதில் ஒன்று கேட்டு எழுதியிருந்தேன். பாதரசம் இல்லாத மருத்துவமனைக்கு அது எதற்கு என்று திருப்பி எழுதியிருந்தார்கள்.

பொறுக்குவதற்கு ஏதாவது வேண்டுமே. இருட்டறை அல்லவா, பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. யாருடைய நெஞ்சோ, யாருடைய முழங்காலோ, துண்டு துண்டாக வெட்டி, அதை வைத்து உருண்டைகளை ஒன்றாகத் தள்ளினேன். ஊசி மாட்டாத சிரிஞ்சால் உறிஞ்சி, கனமான பிளாஸ்டிக் ஜாடியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் விட்டேன். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் மிச்சம் மீதி மின்னியது. பிளாஸ்டரை ஒட்டி ஒட்டி எடுத்தேன். வெடிப்புக்குள் போனதை ஆவியாகாமல் கட்டிப்போடக் கந்தகத் தூள் வேண்டும்.

சந்தானத்தை உரக்கடைக்கு அனுப்பினேன். எங்கள் பக்கம் உளுந்தில் சாம்பல் நோய் வந்தால் கந்தகம் அடிப்பார்கள்.

திரும்பி வந்து சொன்னான்: “எந்தப் பயிருக்குன்னு கேட்டாரு சிஸ்டர். ஆஸ்பத்திரிக்குன்னேன். ஆஸ்பத்திரியில எத்தன ஏக்கர் போட்டிருக்கீங்கன்னு கேக்குறாரு.”

கலைவாணியின் சேலையையும் பையில் கட்டி ஒதுக்கினேன். “எங்க அம்மா எடுத்துக் குடுத்த சேலை சிஸ்டர், நான் துவைச்சுக்கிறேனே” என்று கெஞ்சினாள். துவைத்தால் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் வயலுக்குப் போகும் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். மஞ்சள் கயிற்றில் கோத்திருந்த பொட்டுத் தங்கத்தின் ஓரம் வெளுத்திருந்தது.

“அவருக்கு ஏதாவது ஆயிடுமா சிஸ்டர்?”

அவள் கவலை டிராக்டர் ஓட்டுகிறவனைப் பற்றி. “அவருக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன். அது ஒன்றைத்தான் அன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

வெள்ளிக்குக் கலர் இல்லை

அடுத்த சில நாட்கள் அந்த ஜாடியையும் பெட்டிகளையும் எடுத்துக்கொள்ள ஆள் தேடி அலைந்தேன்.

மருத்துவக் கழிவு வண்டி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். “மஞ்சப் பையி, செவப்புப் பையி, ஊசிக்கு வெள்ளை டப்பா, கண்ணாடிக்கு நீலம். உங்க வெள்ளிக்கு எங்கிட்ட கலர் இல்ல சிஸ்டர். இதை எரிச்சா ஊரு பூரா இறங்கும்.” அவர் சொன்னது சரி. நான் சந்தித்தவர்களில் விவரம் தெரிந்தவர் அவர்தான்.

சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“மேடம், உங்க ஆஸ்பத்திரியில பாதரசமே இல்லைன்னு நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க?”

“ஆமாம் சார். இப்ப இருக்கு.”

“இல்லாததை நாங்க எப்படி மேடம் எடுக்கச் சொல்றது?”

எடுக்க வேண்டியவர்கள் இப்படி இருக்க, வேண்டும் என்று ஒருவர் தானாகவே வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் காலி டப்பா. பாதரசத்தைக் கட்டி மணியாக்கிக் கழுத்தில் போட்டால் காரியம் எல்லாம் ஜெயமாகும், அதற்குக் கொஞ்சம் கொடுங்கள் என்றார். எங்களிடம் இருப்பது மேலதிகாரிகளுக்குத் தெரியாது, இவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில், வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

ஜாடிக்கும் பாட்டில்களுக்கும் பெட்டிகளுக்கும் நான் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எல்லாவற்றையும் நிமிர்த்தி, பூட்டைத் திருப்பி, பைக்குள் கட்டி, தட்டில் வைத்து, மருந்து ஸ்டோருக்குப் பின்னால் காற்றோட்டமான, பூட்டுப் போட்ட அறைக்கு மாற்றி, சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டினேன். அரைநாள் வேலை. அவ்வளவுதான்.

கடிதம்

கலைவாணிக்கு ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எழுதினால் போர்டு பொய்யாகும்.

பெரிய டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். “சிஸ்டர், கூட்டும்போது பழைய தெர்மாமீட்டர் ஒண்ணை அந்தப் பொண்ணு உடைச்சிடுச்சுன்னு எழுதிடுங்க. டெஸ்ட்டும் எடுத்துடலாம், நமக்கும் பிரச்சினை இல்ல.”

“அவ வேலை போயிடுமே சார்.”

“ஒப்பந்த வேலைதானே. வேற எடத்துல கிடைக்கும். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் சொச்சம்தான் இருக்கு, யோசிச்சுக்கங்க.”

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று சாயங்காலம் அப்படியே எழுதியும் பார்த்தேன். ‘தூய்மைப் பணியாளரின் கவனக்குறைவால் உடைபட்டது.’ எங்கள் ஆபீஸ் தமிழில் தானாக எதுவும் உடையாது. சம்பளம் குறைந்தவர் யாரோ அவர் கையால்தான் உடையும். எழுதினதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

மறுநாள் வேறொரு கடிதம் எழுதினேன். பன்னிரண்டு பெட்டிகள் உள்ளன. பதினொன்றை நானே இருட்டறையில் வைத்தேன், சரியாக வைக்கவில்லை. அந்த அறையின் சாவியை ஒரு கர்ப்பிணிப் பணியாளருக்கு நானே கொடுத்தேன். இப்படிக்கு, ஆரோக்கியமேரி. நகல்கள் போக வேண்டிய எல்லா இடத்துக்கும் போயின.

மூன்றே நாளில் அனுமதி பெற்ற நிறுவனத்தின் வண்டி வந்தது. இல்லாத பாதரசம் ஒரு கையெழுத்தில் இருக்கிற பாதரசம் ஆகிவிட்டது. முகமூடி போட்ட இரண்டு பேர் பெட்டிகளை எண்ணி, மூடியுள்ள டிரம்முக்குள் இறக்கினார்கள். “லிஸ்ட்ல பன்னண்டு இருக்கே?” என்றார்கள். பெரிய டாக்டர் டிராயரைத் திறந்து, பெட்டியைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். பாவமாகத்தான் இருந்தது.

எனக்கு மெமோ வந்தது. குற்றச்சாட்டு: பாதரசம் இல்லாத மருத்துவமனையில் பாதரசம் வைத்திருந்தது. கலைவாணியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் அளவு எல்லைக்குள்தான் இருந்தது. குழந்தை பிறந்த பிறகு கவனித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு வாரம் நான் சொன்ன ஜெபமாலைகளை மாதாவே கணக்கு வைத்திருக்க மாட்டாள்.

ஆடி மாதம்

வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடுகிற சமயத்தில் கலைவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நானே பிரசவம் பார்த்தேன். வீறிட்டு அழுதது. விரல்களை எண்ணினேன், கண்ணைப் பார்த்தேன், காலைத் தட்டினேன். எல்லாக் குழந்தைக்கும் செய்வதுதான். இந்தக் குழந்தைக்கு மூன்று தடவை செய்தேன்.

மறுநாள் வார்டுக்குப் போனதும் கலைவாணி குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்கும்படியாகச் சொன்னாள்:

“இந்த சிஸ்டர் இல்லைன்னா எம் புள்ள இல்ல. அன்னைக்கு இவங்க வந்து கத்தலைன்னா அந்த வெசத்துலயே கெடந்திருப்பேன். எனக்காக மெமோகூட வாங்கிக்கிட்டாங்க. சிஸ்டர், நீங்கதான் இதுக்குப் பேரு வைக்கணும்.”

என் கடிதம் எல்லா அலுவலகத்துக்கும் போயிருந்தது. அவளுக்கு மட்டும் போகவில்லை. மெமோ எதற்கு வந்தது என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, அவள் தனக்குப் பிடித்ததை நம்பியிருந்தாள். நானும் மூன்று மாதமாகத் திருத்தவில்லை. அவள் நன்றி சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கனத்தோடு என்னால் இன்னொரு முறை தலையாட்ட முடியவில்லை.

“கலைவாணி, அந்தப் பெட்டிங்களை அங்க வச்சது நான்தாம்மா.”

அவள் சிரித்தபடியே பார்த்தாள். புரியவில்லை.

“ஆய்வுக்குத் தெரியக் கூடாதுன்னு நானும் சந்தானமும் கொண்டுபோய் வச்சோம். ஒழுங்கா வைக்கல. அப்புறம் அந்தச் சாவியை உங்கிட்டக் குடுத்தேன்.”

“சாவி குடுத்தப்ப உங்களுக்குத் தெரியுமா, உள்ள அது இருக்குன்னு?”

“தெரியும். மறந்துட்டேன்.”

சிரிப்பு போய்விட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“குடுங்க சிஸ்டர்.”

கொடுத்தேன். குழந்தையை மார்போடு அணைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பெயர் வைப்பதைப் பற்றி அதன் பிறகு அவள் பேசவில்லை. என்ன பெயர் வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறப்புப் பதிவேட்டில் இருக்கும். ஓய்வு பெறும் நாள் வரை அந்தப் பதிவேடும் என் பொறுப்பில்தான் இருந்தது; நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.